கிஸ்மிஸ் பாக்கெட்டும் பட்டாணி டின்னும்: சத்துக்காக வாங்கினால் எது தேறும்?

சூப்பர் மார்க்கெட்டில் அடுத்தடுத்த அலமாரிகளில் இருக்கும் இரண்டு சரக்குகள். ஒன்றுக்கு நல்ல பெயர், மற்றதற்குக் கெட்ட பெயர். உலர்பழம் என்றால் உடம்புக்கு நல்லது, நோயாளியைப் பார்க்கப் போகும்போது கூட வாங்கிப் போகலாம். டின்னில் அடைத்த காய் என்றால் சத்தில்லாத சக்கை, அவசரத்துக்கு மட்டும். இரண்டு பெயருமே பாதி உண்மைதான். சத்து அட்டவணையை எதிரெதிரே வைத்துப் பார்த்தால், நன்றாக அலசிய டின் பட்டாணி பல இடங்களில் ஒரு கைப்பிடி கிஸ்மிஸை முந்துகிறது. பொட்டாசியத்தில் கிஸ்மிஸ் முந்துகிறது. வைட்டமின் சி-யில் இரண்டுமே பரிதாபம். ஆனால் அதிலும் டின் காய்தான் கொஞ்சம் மேல்.

முதலில் அளவுகோலைச் சரி செய்துகொள்ள வேண்டும். 100 கிராமுக்கு 100 கிராம் என்று ஒப்பிட்டால் கணக்கு கோணலாகும். கிஸ்மிஸில் தண்ணீர் 15 சதவீதம்தான். வடிகட்டிய பட்டாணியில் 80 சதவீதத்துக்கு மேல். அதனால் 100 கிராம் கிஸ்மிஸில் 300 கலோரி இருக்கும், பட்டாணியில் 70-ஐத் தாண்டாது. யாரும் இரண்டையும் ஒரே எடையில் சாப்பிடுவதில்லை. பிரிட்டனில் ஒரு நாளுக்கு ஐந்து பங்கு காய்கனி சாப்பிடச் சொல்லும் வழிகாட்டியில் உலர்பழத்துக்கு 30 கிராமும், டின் காய்க்கு 80 கிராமும் ஒரு பங்கு என்று வைத்திருக்கிறார்கள். நடைமுறைக்குப் பொருந்தும் அளவு அது. இந்த மதிப்பீடும் அதையே பிடித்துக்கொள்கிறது.

30 கிராம் கிஸ்மிஸ்: 90 கலோரி, சர்க்கரை சுமார் 18 கிராம், நார்ச்சத்து ஒரு கிராமுக்குச் சற்று மேல், புரதம் ஒரு கிராம், பொட்டாசியம் 220 மில்லிகிராம், சோடியம் இல்லை என்றே சொல்லலாம், வைட்டமின் சி ஒரு மில்லிகிராம்கூடக் கிடையாது.

80 கிராம் டின் பட்டாணி, தண்ணீர் வடித்தது: 55 கலோரி, சர்க்கரை 3 கிராம் அளவில், நார்ச்சத்து 3 முதல் 4 கிராம், புரதம் மூன்றரை கிராம், வைட்டமின் சி 7 அல்லது 8 மில்லிகிராம், சோடியம் 200 மில்லிகிராமை ஒட்டி.

பட்டாணியின் குறை உப்பு. கிஸ்மிஸின் குறை சர்க்கரை. உப்பில் ஒரு பங்கு வெளியே, தண்ணீரில் இருக்கிறது. அதைக் கொட்டலாம், அலசலாம். சர்க்கரை பழத்தின் சதைக்குள் இருக்கிறது. அதை எந்தத் தண்ணீரும் முழுதாக எடுத்துவிடாது. வாங்கும்போது மனதில் வைக்க வேண்டிய வேறுபாடு இதுதான்.

உலர்பழத்தின் சர்க்கரை பழத்துக்கு இயல்பானது, யாரும் கொட்டியதல்ல, உண்மை. உலகச் சுகாதார நிறுவனம் குறைக்கச் சொல்லும் சர்க்கரைக் கணக்கில் தேனும் பழச்சாறும் வருகின்றன; முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரை வருவதில்லை. ஆனால் வயிறு நிறைவதற்கு முன்பே கை நின்றுவிடுவதில்லையே. 120 கிராம் திராட்சையைக் கொத்தாகக் கையில் கொடுத்தால் மெதுவாகச் சாப்பிடுவோம். அதே திராட்சை காய்ந்து 30 கிராமாக உள்ளங்கையில் இருந்தால் இரண்டு வாயில் முடிந்துவிடும். அளந்து எடுக்காமல் பாக்கெட்டிலிருந்து நேராகச் சாப்பிடும் பழக்கம்தான் உலர்பழத்தின் பெரிய ஆபத்து.

காய வைக்கும்போது என்ன போகிறது, என்ன நிற்கிறது என்பதைத் திராட்சையிலேயே தெளிவாகப் பார்க்கலாம். நம் கடைகளுக்கு வரும் கிஸ்மிஸில் பெரும்பங்கு மகாராஷ்டிரத்தின் சாங்லி, தாஸ்காவ், நாசிக் பக்கத்துச் சரக்கு. விதையில்லாத் திராட்சையைப் பொட்டாசியம் கார்பனேட்டும் எத்தில் ஓலியேட் என்ற எண்ணெய்ப் பொருளும் கலந்த தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். தோலின் மேலிருக்கும் மெழுகுப் படலம் தளர்ந்து ஈரம் வேகமாக வெளியேறும். பிறகு வலைத் தட்டுகளில் நிழலில் இரண்டு வாரம் வரை உலரும். ஏறக்குறைய நான்கு கிலோ பழம் ஒரு கிலோ கிஸ்மிஸ் ஆகிறது. பொட்டாசியம் 100 கிராமுக்கு 191 மில்லிகிராமிலிருந்து 745 ஆக ஏறுகிறது, அதாவது கிட்டத்தட்ட அதே நான்கு மடங்கு. தாது உப்பு எதுவும் எங்கும் போகவில்லை. வைட்டமின் சி கணக்கு வேறு. புதிய பழத்தில் 3 மில்லிகிராம் இருக்கிறது. நான்கு மடங்கானால் 12 வந்திருக்க வேண்டும். கிஸ்மிஸில் இருப்பது 2 மட்டுமே. ஆப்ரிகாட்டில் இன்னும் மோசம்: புதிய பழத்தில் 10, காய்ந்ததில் 1.

டின்னில் நடப்பது வேறு மாதிரி. காயை வெந்நீரில் லேசாக முக்கியெடுத்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, அழுத்தக் கொப்பரையில் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். பட்டாணி, சோளம், காளான் எல்லாம் புளிப்பில்லாத காய்கள். அவற்றில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் பிழைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு சூடு. அந்தச் சூட்டில் வைட்டமின் சி-யும் பி வகைகளில் சிலவும் அடிபடுகின்றன. மிஞ்சியதில் ஒரு பகுதி டின் தண்ணீரில் கரைந்து நிற்கிறது. பச்சைப் பட்டாணியில் 40 மில்லிகிராம் இருந்த வைட்டமின் சி, டின்னில் 10-க்கு வந்துவிடுகிறது. நார், புரதம், கரோட்டின் ஆகியவற்றுக்குப் பெரிய சேதம் இல்லை. மூடிய பிறகு மாதக்கணக்கில் இருந்தாலும் பெரிதாகக் குறைவதும் இல்லை. காற்றும் வெளிச்சமும் உள்ளே போவதில்லை என்பது காரணம்.

இனி சரக்கு சரக்காக.

பேரீச்சையில் இருந்து தொடங்க வேண்டும். ஏனென்றால் தமிழ்நாட்டில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட உலர்பழம் அதுதான். ரத்தசோகை என்றதும் வீட்டில் பேரீச்சை வாங்கி வைப்பார்கள், அல்லது பேரீச்சை சிரப். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணையில் 100 கிராம் பேரீச்சைக்கு இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம் அளவுதான். பழைய இந்திய அட்டவணை 7 மில்லிகிராம் என்கிறது. ரகமும் உலர்த்திய விதமும் மாறினால் எண் மாறும். பெரிய எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஐந்து பழம், 40 கிராம் என்றால் 3 மில்லிகிராமுக்குள். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் பரிந்துரைத்த அளவு 29 மில்லிகிராம். கூடவே 25 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரைப் பொரியலும், பக்கத்தில் ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய்க்குப் பதிலாகப் பிழிந்த எலுமிச்சையும் இந்த வேலையை இதைவிட நன்றாகச் செய்யும். காய்கனியில் உள்ள இரும்பை உடல் நன்றாக உறிஞ்ச வைட்டமின் சி உதவும், பேரீச்சையில் அது கிட்டத்தட்ட இல்லை. ரத்தசோகை என்று மருத்துவர் சொல்லிவிட்டால் மாத்திரைக்குப் பதிலாகப் பேரீச்சையை நம்பி மாதங்களைக் கடத்துவது உண்மையான தீங்கு. நார்ச்சத்துக்கும் பொட்டாசியத்துக்கும் பேரீச்சை நல்ல பழம்தான்: 100 கிராமில் 7, 8 கிராம் நார். இனிப்பு சாப்பிடத் தோன்றும்போது மைசூர்பாகுக்கு மாற்றாக இரண்டு பேரீச்சை என்றால் முழு மனதோடு பரிந்துரைக்கலாம். சிரப் மட்டும் வேண்டாம்; நாரை வடித்துவிட்டுச் சர்க்கரையை மட்டும் பாட்டிலில் தருகிறார்கள்.

வாங்கும்போது ஒன்று: மலிவான பேரீச்சை பாக்கெட்டுகளில் மினுமினுப்புக்காகக் குளுக்கோஸ் சிரப் பூசுவதுண்டு. சேர்மானப் பட்டியலில் பேரீச்சை தவிர வேறு பெயர் இருக்கக் கூடாது. சாப்பிடும் முன் ஒவ்வொரு பழத்தையும் பிளந்து பார்க்க வேண்டும். கொட்டையைச் சுற்றித் தூள் போல இருந்தால் பூச்சி விழுந்தது.

உலர் அத்தி இந்த அலமாரியின் உண்மையான நல்ல சரக்கு. கயிற்றில் மாலையாகக் கோத்து வருவது ஆப்கானிஸ்தான் அத்தி. 30 கிராமுக்கு, அதாவது இரண்டு மூன்று பழத்துக்கு, கிட்டத்தட்ட 3 கிராம் நார், 50 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம். சர்க்கரை 14 கிராம். நாரிலும் கால்சியத்திலும் கிஸ்மிஸை விட மேல், சர்க்கரையும் குறைவு. அத்திக்கு ஒரு ஆபத்து உண்டு: உள்ளே குழியாக இருப்பதால் பூஞ்சை வெளியே தெரியாமல் வளரும், அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரக்கூடிய பழங்களில் அத்தி முக்கியமானது. பிளந்து பார்த்து, உள்ளே கறுத்தோ பச்சை கலந்தோ இருந்தால், கசந்தால், தூக்கி எறிந்துவிட வேண்டும். ஊறவைத்தால் நஞ்சு போகாது.

ஆப்ரிகாட்டில் நிறம் பேசும். பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருப்பது கந்தக டை-ஆக்சைடு புகை காட்டியது. பழுப்பாக, அழகில்லாமல் இருப்பது வெறும் வெயிலில் காய்ந்தது. லடாக்கிலிருந்து வருவதில் பெரும்பாலும் இந்த வகை. கந்தகம் நிறத்தையும் கரோட்டினையும் காப்பாற்றும், ஆனால் தயாமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு மூச்சிழுப்பைத் தூண்டும். லேபிளில் 220 அல்லது 223 என்ற எண் இருந்தால் அதுதான். பொன்னிற கிஸ்மிஸுக்கும் இதே கதை. பொட்டாசியத்தில் ஆப்ரிகாட்டை இங்கே சொல்லும் மற்ற உலர்பழங்கள் நெருங்காது, 100 கிராமுக்கு 1160 மில்லிகிராம்.

ப்ரூன்ஸ் என்ற உலர் ப்ளம் பழம் மலச்சிக்கலுக்கு வேலை செய்வது நாரால் மட்டுமல்ல, 100 கிராமுக்கு 15 கிராம் அளவில் இருக்கும் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருளாலும்தான். மூன்று நான்கு போதும். ஒரேயடியாகப் பத்து சாப்பிட்டால் வயிறு உப்பும், கலங்கும்.

கிரான்பெர்ரி, பச்சை நிறத்தில் பளபளக்கும் கிவி, அன்னாசி வளையம், டப்பாவில் கலர் கலராக வரும் கலவை: இவற்றை உலர்பழம் என்று சொல்வதே தவறு. கிரான்பெர்ரி இயல்பில் தாங்க முடியாத புளிப்பு; கடையில் விற்பது சர்க்கரைப் பாகில் ஊறியது. கிவியும் அன்னாசியும் அப்படித்தான், பெரும்பாலும் நிறமும் சேர்த்து. மிட்டாய் விலையில் இருந்தால் மிட்டாய் என்று வாங்கலாம்; இவை பழ விலைக்கும் மேலே இருக்கின்றன. லேபிளில் மொத்தச் சர்க்கரை ஒரு வரியிலும், சேர்த்த சர்க்கரை அடுத்த வரியிலும் தனியாக அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் விதி. அந்த இரண்டாவது வரி பூஜ்யமாக இல்லாத எதையும் உலர்பழம் என்று நம்பி வாங்காதீர்கள்.

டின் பக்கம் வருவோம்.

பட்டாணியில் இரண்டு வகை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. பறித்த பச்சைப் பட்டாணியை அடைத்தது ஒன்று. காய்ந்த பட்டாணியை ஊறவைத்து அடைத்தது மற்றொன்று. இரண்டாவதில் மாவுச்சத்து கூடுதல், வைட்டமின் சி கிட்டத்தட்ட இல்லை, நிறம் மங்கலாக இருக்கும் என்பதால் 102, 133 போன்ற நிறமிகள் சேர வாய்ப்பு அதிகம். டின்னில் கண்ணைப் பறிக்கும் பச்சை இருந்தால் சந்தேகப்படுங்கள். 121 டிகிரியில் வெந்த பட்டாணி இயல்பாக ஆலிவ் பச்சைக்குத்தான் மாறும். ஒன்று சொல்ல வேண்டும்: வீட்டில் ஃப்ரீசர் இருந்தால் உறைபட்டாணியே மேல். உப்பு இல்லை, வைட்டமின் சி-யும் கூடுதலாக மிஞ்சுகிறது. கரண்ட் அடிக்கடி போகும் ஊருக்கும், ஃப்ரீசர் இல்லாத அறைவாசிகளுக்கும் டின் பொருத்தம்.

காளான் டின் சத்துக்காக வாங்கக் கூடியதல்ல. உப்பு அதிகம், வடித்த பிறகும் 100 கிராமுக்கு 400 மில்லிகிராமைத் தாண்டும் சோடியம். காளானின் சிறப்பே அதன் பி வகை வைட்டமின்கள். அவற்றில் ஒரு பங்கு டின் தண்ணீரோடு போய்விடுகிறது. எடையிலும் ஏமாற்றம். 800 கிராம் என்று பெரிதாகப் போட்ட டின்னில், வடிகட்டிய எடை 440 கிராம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். விலையை அந்தச் சிறிய எண்ணால் வகுத்துப் பார்த்தால் பக்கத்துக் கடையில் 200 கிராம் பாக்கெட்டில் கிடைக்கும் புதிய காளானின் அருமை புரியும். ஸ்வீட் கார்ன், பேபி கார்ன் டின்களிலும் இந்த வகுத்தல் கணக்கைப் போடாமல் வாங்காதீர்கள். ஸ்வீட் கார்னில் க்ரீம் வகை என்றால் மாவும் சர்க்கரையும் சேர்ந்தது, அதை விட்டுவிட்டு முழு மணியாக உள்ளதை எடுக்கலாம்.

தக்காளிதான் டின்னின் பெருமை. சூடு பல காய்களுக்குக் கெடுதல் செய்யும்போது தக்காளிக்கு ஒரு நன்மையும் செய்கிறது. சிவப்பு நிறம் தரும் லைகோபீன், செல் சுவர் வெந்து உடைந்த பிறகுதான் உடலுக்கு எளிதாகக் கிடைக்கும். கொஞ்சம் எண்ணெயும் இருந்தால் இன்னும் நல்லது. சமைக்காத தக்காளிப் பழத்தில் 100 கிராமுக்கு இரண்டரை மில்லிகிராம் இருந்தால், கெட்டியான தக்காளிப் பேஸ்டில் 28 வரை இருக்கும். தக்காளி விலை ஏறிக் கிடக்கும் மாதங்களில் உப்பு சேர்க்காத ப்யூரி ஒன்றை வீட்டில் வைத்திருப்பது வீண் செலவல்ல. சட்னிக்கு ஒத்துவராது, குருமாவுக்கும் குழம்புக்கும் ஒத்துவரும். கெட்ச்அப்பை இதோடு சேர்த்து எண்ணக் கூடாது, அது சர்க்கரைச் சரக்கு.

கொண்டைக்கடலை, ராஜ்மா டின்கள் புரதத்தில் எல்லா உலர்பழத்தையும் தாண்டும்: 100 கிராமுக்கு 7 கிராம் புரதம், கூடவே 6 கிராம் நார். ஆனால் இரவு ஊறவைத்துக் குக்கரில் நான்கு விசில் விட்டால் அதே சத்து உப்பில்லாமல், கால் விலையில் கிடைக்கும் நாட்டில் இவை நேரத்துக்கான செலவு மட்டுமே. தக்காளிச் சாஸில் ஊறிய பீன்ஸில் 100 கிராமுக்கு 5 கிராம் வரை சர்க்கரை சேரும், பார்த்து எடுக்கவும்.

உப்பை வெளியேற்றும் முறை எளிது, ஆனால் பெரும்பாலோர் அரைகுறையாகச் செய்கிறார்கள். டின்னைத் திறந்து வடிகட்டியில் கவிழ்த்து இரண்டு நிமிடம் அப்படியே விட வேண்டும். கொண்டைக்கடலை, ராஜ்மா வகைகளில் இதிலேயே சோடியத்தில் மூன்றில் ஒரு பங்கு போகும். பிறகு ஓடும் தண்ணீரில் கையால் புரட்டிப் புரட்டி அலச வேண்டும், பத்து விநாடி போதும், மீண்டும் வடிய விட வேண்டும். இப்படி அவற்றில் மொத்தம் 40 சதவீதம் வரை குறையும். அரை மணி நேரம் ஊறப் போடாதீர்கள். உப்போடு மிஞ்சிய வைட்டமினும் கரையும். அலசிய காயைச் சமையலின் கடைசியில் சேர்த்து இரண்டு கொதி விட்டால் போதும், அது ஏற்கனவே வெந்தது. குழம்பில் போடும் உப்பை அதற்கேற்பக் குறைக்க மறந்தால் அலசியதற்கே அர்த்தமில்லை. லேபிளில் சோடியம் என்று போட்ட எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். ஒரு நாளுக்கு 2000 மில்லிகிராம் சோடியம், 5 கிராம் உப்பு என்பது எல்லை.

கிஸ்மிஸைக் கழுவுவது வேறு காரணத்துக்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுப் பிசைந்து இரண்டு முறை அலசினால் மண், தூசி, காய வைக்கும் முன் முக்கி எடுத்தபோது ஒட்டிய எண்ணெய்ப் படலம், கந்தக வாடை ஆகியவை பெருமளவு போகும். இரவு முழுக்க ஊறவைத்த கறுப்பு திராட்சையில் புதுச் சத்து ஏதும் பிறப்பதில்லை. மெதுவாகச் சாப்பிட வைக்கும், நாருக்குத் தண்ணீர் கிடைக்கும், அவ்வளவே. ஊறிய தண்ணீரில் சர்க்கரையும் பொட்டாசியமும் கரைந்திருக்கும் என்பதால் நீரிழிவு உள்ளவர்கள் அதைக் குடிக்க வேண்டியதில்லை.

கெட்டதை அடையாளம் காண்பதில் இரண்டு சரக்குக்கும் வெவ்வேறு கண் வேண்டும். உலர்பழத்தின் மேல் வெள்ளைப் புள்ளி இருந்தால் உடனே பூஞ்சை என்று முடிவு செய்யாதீர்கள். வெந்நீர்ச் சொட்டு ஒன்று விட்டுப் பாருங்கள். கரைந்தால் சர்க்கரை மேலே பூத்தது, தின்னலாம். கரையாமல் பஞ்சு போல ஒட்டினால் பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் திறந்த பாக்கெட் இரண்டு வாரத்தில் ஈரம் இழுத்துப் புளித்த வாடை அடிக்கும். காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது. டின்னில் பார்க்க வேண்டியது வடிவம். மேல் மூடியோ அடியோ உப்பியிருந்தால், அழுத்தினால் டப்பென்று உள்ளே போய் வெளியே வந்தால், மடிப்புத் தையலின் மேல் நசுங்கியிருந்தால், திறக்கும்போது உள்ளிருந்து தண்ணீர் பீறிட்டால், நாக்கில் தொட்டுக்கூடப் பார்க்காமல் எறிய வேண்டும். முன்னே சொன்ன கிளாஸ்ட்ரிடியம் கிருமி விடும் பாட்டுலிசம் நஞ்சை மணமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. டின்னின் பக்கவாட்டில் உள்ள சிறு நசுங்கல் பொதுவாகத் தீங்கில்லை.

டின்னின் உட்பூச்சில் வரும் பிஸ்ஃபீனால்-ஏ என்ற வேதிப்பொருள் பற்றிய கவலைக்கும் அடிப்படை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் உணவுடன் தொடும் பொருள்களில் அதைத் தடை செய்திருக்கிறது, பழைய சரக்கு தீர அவகாசத்துடன். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் கண்ணாடி பாட்டிலிலோ அட்டைப் பெட்டியிலோ அடைத்தது கிடைத்தால் அதை எடுக்கலாம். டின்னை அடுப்பில் வைத்து அப்படியே சூடாக்குவது எந்த வீட்டிலும் கூடாது.

நீரிழிவுக்காரர்களுக்கு அலசிய பட்டாணியும் கடலையும் தயங்காமல் தரலாம், கிஸ்மிஸும் பேரீச்சையும் எண்ணி மட்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பில்லா அத்தியும் ஆப்ரிகாட்டும் பொருந்தும், காளான் டின் பொருந்தாது. சிறுநீரகப் பாதிப்பில் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் கதை தலைகீழாகும்: உலர்பழங்கள் அனைத்தும் விலக்கு, பொட்டாசியம் தண்ணீரில் இறங்கிவிட்ட டின் காயில் உப்புச் சேர்க்காத வகையை வடித்து, அலசி, மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்கலாம். குழந்தைகளுக்குக் கிஸ்மிஸ் தந்தால் பல்லில் ஒட்டும், சாப்பாட்டோடு கொடுத்துவிட்டு வாய் கொப்பளிக்க வைக்க வேண்டும். மூன்று வயதுக்குள் முழுதாகத் தராமல் நறுக்கித் தரவும். திறந்த டின்னில் மிஞ்சியதைக் கண்ணாடி அல்லது எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். டின்னிலேயே விட்டால் தக்காளியின் புளிப்பு உலோகத்தைக் கரைத்து நாக்கில் இரும்பு வாடை ஏற்றும்.